துக்கம் கேட்கப் போன கோழி

வாத்தின் நாலு குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து தூக்கிப்போய்ப் பத்து நாளாகியிருந்தது. அன்றைக்குத்தான் வாத்து மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்து, மீதி மூன்றையும் குளத்துக்குக் கூட்டிப்போகக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்துத் துக்கம் கேட்க வந்து சேர்ந்தது கோழி.

“அடையில உட்கார்ந்திருந்தேன் வாத்தக்கா, அதான் உடனே வர முடியல. எப்படி நடந்துச்சு?”

“அதை எதுக்குடி இப்பக் கிளறுற? விடு.”

“சொன்னாத்தானே மனசு ஆறும். கடைசியா உன்னைத்தான் கூப்பிட்டுச்சாமே?”

வாத்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டது. அப்படியே உட்கார்ந்து தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

“அம்மா, குளத்துக்கு?” என்றது ஒரு குஞ்சு.

“இன்னைக்கு வேணாம்.”

நாலு வார்த்தை விசாரிக்காமல் போனால் ஊர் பேசுமே என்றுதான் கோழி கேட்டது. இப்போது அதற்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் மனசு வரவில்லை. “வாங்கடா, சித்தி கூட்டிட்டுப் போறேன்” என்று மூன்றையும் அழைத்துக்கொண்டு நடந்தது.

கரைக்கு வந்ததும் குஞ்சுகள் நின்றுவிட்டன.

“அம்மாதான் முதல்ல இறங்கும். நீங்க இறங்குங்க சித்தி.”

கோழி கால் நனையும்வரை இறங்கி நின்றது. நீந்த அதற்குத் தெரியாது.