தையல்காரம்மாவின் எலி

“இன்னைக்குச் சாப்பிட்டாளாண்ணே?”

காலை எட்டு மணிக்கு போன் அடித்தால் அது தையல்காரம்மாதான். அவர் விசாரிப்பது மகளைப் பற்றி அல்ல, ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது கூண்டில் இருக்கும் வெள்ளை எலியைப் பற்றி.

“ஏதோ கொஞ்சம் கொறிச்சாம்மா,” என்றார் எலிக்காரர். எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற வேலை. அவருக்கு வேறு பெயர் இருந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

தையல்காரம்மாவுக்குக் கருப்பையில் புற்றுநோய். கட்டியை அடையாளம் கண்டு அழிக்க உடம்புக்கே சொல்லித்தரும் புதுத் தடுப்பூசி ஒன்றை இங்கே தயாரிக்கிறார்கள். அவருடைய கட்டியில் ஒரு துணுக்கையும் ரத்த அணுக்களையும் ஓர் எலிக்குள் வைத்திருந்தார்கள். ஊசி முதலில் எலிக்கு. அது பிழைத்தால் அவருக்கு. கெஞ்சிக் கேட்டாரே என்று கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, எலிக்காரர்தான் அதைக் காட்டினார். சும்மா இருந்திருக்கலாம்.

நாலு நாள் லீவு முடிந்து எலிக்காரர் திரும்பியதிலிருந்தே எலி சுருண்டு சுருண்டு படுத்தது. தீனியைத் தொடவில்லை என்று காலையில் சொன்னார்; மாலையில் தையல்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னங்கால் இழுக்கிறது என்றார். மறுநாள் தையல்காரம்மா ஆஸ்பத்திரி வார்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். எலிக்காரர் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே உயிர் இரண்டு இடத்தில் இருந்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

“பொய் மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. அவளுக்கு என்ன ஆகுதோ அதுதான் எனக்கும். முன்னாடியே தெரிஞ்சா பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேசி வெச்சிருப்பேன்.”

வியாழக்கிழமை காலை எலி மரத்தூளில் விறைத்துக் கிடந்தது. சரியாக எட்டு மணிக்கு போன்.

“நல்லா சாப்பிட்டாம்மா,” என்றார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.



“போயிட்டாளா? சரிண்ணே. இத்தனை நாள் நல்லாப் பார்த்துக்கிட்டீங்க.”

பதினொரு மணிக்கு வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். மகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் படுத்த தையல்காரம்மா அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். எலிக்காரர் கூண்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

“தையல்காரம்மாவுக்கு உடனே சொல்லுங்க, நாளைக்கே ஊசி போட்டுடலாம். அவங்க எலிக்குக் கட்டி இருந்த இடமே தெரியல.”

“அது காலையில செத்துப்போச்சே டாக்டர்.” எலிக்காரர் கூண்டைக் காட்டினார்.

“இதுவா? நீங்க லீவுல இருந்தப்பவே அவங்க எலியை உள்ளறைக்கு மாத்திட்டோமே. இது காலிக் கூண்டுல சும்மா விட்டு வெச்ச கிழட்டு எலி, இதுக்கு நாங்க நோயே வைக்கலையே.”