அஞ்சு சீட்டு போதும்

"ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன்" என்று பெட்டியோடு வந்த மனைவியின் அண்ணன், மூன்று வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறார். டிவி ரிமோட் அவர் கையில். வாடகைக் காரில் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

அதனால்தான் ஷோரூமில் பிடிவாதம் பிடித்தேன்.

"இந்த எஸ்.யூ.வி. பார்க்கவும் அம்சமா இருக்கு, லேசுல ரிப்பேரும் வராது. இன்னும் கொஞ்சம் போட்டா ஏழு சீட்டே எடுத்துடலாம் சார்" என்றார் விற்பனையாளர்.

"பட்ஜெட் இடிக்குது. அஞ்சு சீட்டு போதும்."

மனைவி என்னை ஓரமாக இழுத்தாள். "நீங்க, நான், பிள்ளைங்க ரெண்டு, எங்கம்மா. அஞ்சு ஆச்சு. அண்ணன்?"

"என்ன பண்றது? பஸ்ல வரட்டும்."

மூன்று வருடத்தில் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

வண்டி எடுக்கும் நாளும் வந்தது. வேடிக்கை பார்க்க மச்சானும் கூடவே வந்துவிட்டார். மாமியாரும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். மனைவி முன்னால் உட்கார்ந்தாள். விற்பனையாளர் சாவியை நீட்டினார்.

"ஓட்டிட்டுப் போங்க சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடகைக் காரிலேயே போய்ப் பழகியவன் நான். டிரைவரை ஒரு நாளும் தலைக்கணக்கில் சேர்த்ததில்லை. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

என் தோளுக்கு மேலிருந்து ஒரு கை நீண்டு சாவியை வாங்கிக்கொண்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, மச்சான் அன்போடு சொன்னார்:

"மாப்பிள்ளை, நீங்க பஸ்ல வந்துடுங்க."