சீமோன் அண்ணையின் வான்

"செத்த மனுசன் எங்களுக்கு ஏனப்பா வானை எழுதினவர்?" என்று மனைவி றஜிதா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"எட்டு வருசம் எங்கட பேஸ்மென்ற்றில வைச்சிருந்தம். நன்றியுள்ள மனுசன்," என்றான் நிசாந்தன். சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சீமோன் அண்ணை மன்னார்ப் பக்கத்து ஆள். குடும்பம் என்று யாருமில்லை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, தொலைவில் பிறம்ரன் நகரத்தில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி தூக்கினார். மோர்னிங்சைட்டில் இவர்கள் வீட்டுக் கீழ்த்தளப் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த காலம் முழுக்க ஒரு சத்தம் சந்தடி இல்லை. அவருடைய வான் வண்டியை மட்டும் நிசாந்தன் வீட்டு முன் ட்ரைவ்வேயில் விடச் சம்மதித்ததில்லை. பனி கொட்டினாலும் தெருவில்தான் நிற்கும்.

போன நவம்பரில் அவரை வீட்டைவிட்டு எழுப்பியாயிற்று. அதற்கு நிசாந்தன் பெரிதாக மூளையைக் கசக்கவில்லை. இங்கே வீட்டுக்காரர்கள் வழக்கமாக எடுத்துவிடுகிற பொய்தான்.

"அக்கான்ர மகன் ஊரிலயிருந்து வாறான் அண்ணை. அவனுக்கு இடம் வேணும்."

அக்காவுக்கு இருப்பதென்னவோ இரண்டும் பெண்பிள்ளைகள்.

சீமோன் அண்ணை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பிள்ளை வரட்டும் தம்பி. எனக்குப் பிறம்ரனில கூட்டாளி ஒருத்தன்ர அறை இருக்கு," என்று சொல்லி இரண்டு பெட்டியோடு போய்விட்டார். மறுகிழமையே மூன்று மாணவர்கள் கூடின வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெப்ரவரியில் சேர்ச் பார்க்கிங்கில் மனுசன் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். நிசாந்தனுக்குச் சேதி வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தான்.

நேற்று அந்தச் சேர்ச் ஃபாதர் கூப்பிட்டு, வான் திறப்பையும் ஒட்டிய கடித உறை ஒன்றையும் அவன் கையில் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரியில வைச்சுத் தந்தவர். வான் உங்கட வீட்டுக்கு எண்டு சொன்னவர். பேப்பரெல்லாம் இதுக்குள்ள இருக்கு. நல்ல மனுசன். விடியப் பூசைக்கு நான் கதவு திறக்க வரேக்கையே அவற்ர வான் நிற்கும்."

நிசாந்தன் உறையைப் பிரிக்கவில்லை. டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வானைக் கொண்டுவந்து ட்ரைவ்வேயில் ஏற்றினான். அது அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை.

"ஃபாதரின்ர கோயிலுக்குக் குடுத்திடுவம்," என்றாள் றஜிதா.

"கோயிலுக்கு வான் என்னத்துக்கு? வித்துப்போட்டு அவற்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை குடுப்பம்."

"முழுக்காசுக்குமோ?"

நிசாந்தன் காது கேளாதவன்போல ஃபோனில் விளம்பரம் போட்டான். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவன் ஃபோன் எடுத்து, நாலு மணிக்கு வருவதாகச் சொன்னான்.

துடைத்து வைப்போம் என்று இரண்டு பேரும் பின்கதவைத் திறந்தார்கள்.

பின்சீற்றைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை, இரண்டு போர்வை, தலையணை. கம்பியில் கொழுவிய மூன்று சேட். ஒரு பிளாஸ்ரிக் கோப்பைக்குள் பல்லுத் தூரிகையும் சவர்க்காரமும். தண்ணீர்ப் போத்தல் கட்டியாய் உறைந்து கிடந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் றஜிதா. "அவர் விடியப் பூசைக்கு வரேல்லை. சேர்ச் பார்க்கிங்கிலதான் படுத்து எழும்பியிருக்கிறார்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நிசாந்தன் ஃபோனில் நேரத்தைப் பார்த்தான். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசமே இருந்தது.

"அழுதுகொண்டு நிக்காமல் கார்பேஜ் பையைக் கொண்டு வாரும். வாறவனுக்கு உது தெரிஞ்சால் விலையைக் குறைப்பான்."

எல்லாம் இரண்டு கறுப்புப் பைகளுக்குள் அடங்கிவிட்டது.

வந்தவன் பெயர் ஜெனோசன். பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருந்தான். நாட்டுக்கு வந்து ஐந்து மாதம். மெல்லிய ஜாக்கெற். பிறம்ரனில் வேலை, போக மூன்று பஸ், வர மூன்று பஸ் என்று தானாகவே சொன்னான். வானைச் சுற்றி வந்தவனுக்கு முகத்தில் ஆசையை மறைக்கத் தெரியவில்லை.

"ஆர் அண்ணை ஓடின வான்?"

"எங்கட வீட்டு ஆள் மாதிரி ஒருத்தர். அருமையான மனுசன்."

"ஓனர்ஷிப் பேப்பரை ஒருக்காப் பார்க்கலாமோ?"

நிசாந்தன் உறையை எடுத்து அப்படியே நீட்டினான். ஜெனோசன் பிரித்தான். ஓனர்ஷிப் இருந்தது, பின்பக்கத்தில் பெயர் மாற்றுவதற்குச் சீமோன் அண்ணை வைத்த கையெழுத்தும் இருந்தது. கூடவே மடித்த தாள் ஒன்று.

"வானைப் பற்றித்தான் எழுதியிருக்குப் போல," என்று ஜெனோசன் உரக்க வாசித்தான்.

"தம்பி நிசாந்தன், இந்த வான் ஊரிலயிருந்து வந்த உம்மட மருமகனுக்கு. இஞ்ச வாகனம் இல்லாமல் வேலைக்குப் போறது சரியான கஸ்டம். எனக்கு ஆருமில்லை. அவனாவது நல்லா இருக்கட்டும். ஹீற்றர் வேலை செய்யாது, திருத்திப்போட்டுக் குடும். பிள்ளை குளிருக்குப் பழக்கமில்லாதவன்."

றஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேஸ்மென்ற்றுக்குள் மாணவர்கள் எதற்கோ சிரித்தார்கள்.

ஜெனோசன் தாளைப் பழையபடி மடித்து உறைக்குள் வைத்து, நிசாந்தன் கையில் கொடுத்தான்.

"அப்ப இது விக்கிற வான் இல்லையே அண்ணை," என்றான். "அந்தப் பெடியன் எங்க, வேலைக்குப் போயிட்டானோ?"