பாலைவனக் காளான்

திருப்பதி ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பிய ஷோபா, கணவன் பென்னியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

“குவைத்துலேர்ந்து வரவழைச்ச பாலைவனக் காளான்ல மருந்தே இல்லீங்க. அந்தச் சாறு ஒரு கிருமியைக்கூடக் கொல்லலை. இந்த ஆராய்ச்சியே வேணாம், வுட்டுடுன்னுட்டார் எங்க சார்.”

பென்னி அவளை மெல்ல விலக்கி நிறுத்தினான்.

“ஷோபா, திட்டாதே. நீ ஃப்ரிட்ஜுல வெச்சிருந்த காளானை உருளைக்கிழங்குத் துண்டுன்னு நினைச்சு, கறியோட போட்டுத் துன்னுட்டேன். விஷயம் தெரிஞ்சதும் பயந்துகினு, அந்த டப்பாவுல நெஜ உருளைக்கிழங்கை நறுக்கி வெச்சுட்டேன்.”

ஷோபா அவனையே வெறித்துப் பார்த்தாள். கரண்டி பறந்து வரப்போகிறது என்று பென்னி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

கன்னத்தில் வந்து விழுந்தது முத்தம்!

“அய்யோ, என் காளான் தோக்கலைங்க!” அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள் ஷோபா. “தோத்தது உருளைக்கிழங்கு!”