புது மீன் வந்த நாள்

"மருமக வர்ற நாளாப் பார்த்துத்தான் மீன் வாங்கணுமா உங்களுக்கு?"

அவள் கத்தியது கணவர் காதில் ஏறவேயில்லை. மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கல்லையெல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு குஷி. புது மீன், கட்டிய கவரோடு தண்ணீரில் மிதந்தது.

சின்ன மகனும் மருமகளும் இனி இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். மூத்த மருமகள் வந்த வேகத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டாள். 'என் சமையலறையில எதை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்' என்று மாமியாரான இவள் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்தான் காரணம். இந்தப் பெண்ணாவது நிலைக்க வேண்டுமே என்று காலையிலிருந்து அவளுக்கு அதே கவலை.

போதாக்குறைக்கு, நேற்று அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, கரப்பான் மருந்து அடிக்கிறேன் பேர்வழி என்று இந்த மனிதர் சமையலறையையே தலைகீழாக்கி வைத்திருந்தார். உப்பு இருந்த இடத்தில் கரண்டி. சர்க்கரை போன இடமே தெரியவில்லை.

"மீனைக் கொட்டிட்டு வந்து சர்க்கரையைத் தேடுங்க!"

"சட்டுனு கொட்டினா தாங்காதுடி. நம்ம தண்ணியைக் கவர்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பழக்கணும். லைட்டையும் அணைக்கணும்."

"கல்லை எதுக்கு மாத்தறீங்க?"

"மகாராணிக்காக." பழைய மீனுக்கு அவர் வைத்த பேர் அது. "இல்லேன்னா 'இந்த மூலை என்னுது'ன்னு புதுசைத் துரத்தும். கல்லை மாத்திட்டா ரெண்டுக்குமே இது புது வீடு!"

வாசல் மணி அடித்தது. ஓட்டமாய் ஓடிக் கதவைத் திறந்தாள்.

"வாம்மா, வா வா!"

மகன் வாசலில் மற்ற சாமான்களை இறக்கிக்கொண்டிருக்க, பெட்டியை வைத்த கையோடு மருமகள் தயங்கித் தயங்கிச் சமையலறைக்குள் வந்தாள்.

"அத்தை, நான் டீ போடட்டுமா? சர்க்கரை எங்க இருக்கு?"

"எனக்கே தெரியலைம்மா! வா, தேடலாம்."

ஒருத்தி மேல் தட்டு, ஒருத்தி கீழ்த் தட்டு. டப்பாக்கள் உருண்டன. சிரிப்பு தாங்கவில்லை.

"கிடைச்சிடுச்சு அத்தை!" மருமகள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். "இதை எங்க வைக்கட்டும்?"

"உனக்கு எங்க வசதியோ, அங்க வை."

சொன்ன பிறகுதான், அது தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெல்லக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். லைட் அணைத்த தொட்டியில் புது மீன் தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. பழையது துரத்தவில்லை. அவர் தொட்டியைப் பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம வீட்டுல ஏது கரப்பான்? அந்த மகாராணி நான்தானே?"