யாரும் வாய் வைக்காதது

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிய மாயவன், வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினான்.

"அண்ணே! கீழ ஒரு மீனு, மயில் கழுத்து கலரு! கைக்கு எட்ற தூரத்துல போய்க்கினு இருக்குது. சீக்கிரம் எறங்குங்க!"

படகின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் கடலில் தொங்கப் போட்டிருந்தான் தீனதயாளன்.

லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவு. அதிகம் விற்றுக் கொடுத்த கடைக்காரர்களைப் பூச்சிமருந்து கம்பெனி தன் செலவில் கூட்டி வந்திருந்தது. தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து நான்கு பேர். நைனார்பாளையம் தீனதயாளன், மூங்கில்துறைப்பட்டு கண்ணாயிரம், கள்ளக்குறிச்சி தஸ்தகீர் பாய், கல்வராயன் மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் மாயவன்.

நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு செட்தான். மூக்கையும் கண்ணையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள மூச்சுக் குழாய். ஒருத்தர் பார்த்துவிட்டு ஏறி வந்து அடுத்தவரிடம் தர வேண்டும்.

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்வதாக மகள் அபிநயாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தான் தீனதயாளன். கிணற்றில் நீந்திப் பழகியவன். பயம் கிடையாது.

வரும் வழியெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. குறுக்கே அறுத்துப் போட்ட புளியமரங்கள், போலீஸ் துரத்தியபோது கரும்புக் கொல்லைக்குள் பதுங்கியது, கடலூர் ஜெயிலில் கிடந்தது எல்லாம் சொன்னான்.

எங்கள் சனம் இன்னும் எத்தனை காலம் பின்னாலேயே நிற்பது என்று அவன் கேட்டபோது, முதலில் தலையாட்டியவன் மாயவன்.

"கேக்கறது நியாயந்தாண்ணே."

தீனதயாளனைவிட மாயவனுக்கு மூன்று வயது கூடுதல். இருந்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது அவன் குழாயைக் கடல்நீரில் அலசி, படகுக்கு நேராக நீட்டினான்.

கவ்வும் ரப்பரின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வடிந்தது. கடல்நீராகத்தான் இருக்கும். தீனதயாளன் அந்தச் சொட்டையே பார்த்தான்.

முட்டியின் மேல் இருந்த கை எழவில்லை.

"எனக்கு சளி புடிச்சிருக்குது மாயவா. நீயே பாரு."

படகின் அந்தப் பக்கம் தஸ்தகீர் பாய் கழற்றித் தந்த குழாயை, உதறக்கூட உதறாமல் வாயில் வைத்திருந்தான் கண்ணாயிரம். அதை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாய்யா தீனா! ரோட்ல மரத்த சாய்ச்ச ஆளு, தண்ணியப் பாத்து நீ சாயறியே. கீழ இருக்கறது போலீசு இல்லய்யா, மீனு!"

"சளி அவருக்கு இப்பதான் புடிச்சுது. காலைல மூணு எளநி குடிச்சாரே," என்றார் பாய்.

தீனதயாளன் தும்மிப் பார்த்தான். வரவில்லை.

மாயவன் சிரிக்கவில்லை. நீட்டிய குழாயையும் தீனதயாளனின் கையையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் எதையோ வைத்துவிட்டு வந்தவனுக்குப் பாதி வழியில் ஞாபகம் வந்தது போல ஒரு முகம்.

சட்டென்று படகின் பின்பக்கம் நீந்திப் போனான். படகோட்டியிடம் என்னவோ கேட்டான். படகோட்டி முதலில் முடியாது என்று தலையசைத்தான். மாயவன் விடாமல் கேட்டான். கடைசியில் பலகைக்கு அடியிலிருந்த பெட்டி திறந்தது.

திரும்பி வந்தபோது மாயவன் கையில், உறை பிரிக்காத ஒரு மஞ்சள் குழாய்.

"புதுசுண்ணே. இன்னும் யாரும் வாய் வெக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மீனப் பாத்த குஷியில மறந்து நீட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தாழ்த்தியும் கேட்டுவிட்டது. கண்ணாயிரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

'புதுசு வேணாம், அதையே குடு' என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் விரல்கள் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தன.

கண்ணாடியை மட்டும் மாயவனிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கீழே வெள்ளை மணல். பவளப்பாறைகளின் சந்துகளில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, மாயவன் சொன்னது போலவே, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

தீனதயாளனால் அதைப் பார்க்க முடியவில்லை. குழாய்க்குள் தன் மூச்சு இரைவது மட்டும் காதில் பெரிதாகக் கேட்டது. மேலே ஏறினால் மூன்று முகங்களைப் பார்க்க வேண்டும். விரல்கள் ஊறிச் சுருங்கும்வரை தண்ணீரிலேயே கவிழ்ந்து கிடந்தான்.

ஏறி வந்தபோது, கை கொடுத்துத் தூக்கிவிட யாரும் வரவில்லை. மாயவன்கூட, கையை நீட்டப் போய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

படகு கரைக்குத் திரும்பியது. மற்ற இரண்டு குழாய்களும் ஒரே கொக்கியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மஞ்சள் குழாயையும் படகோட்டி அங்கேதான் மாட்டப் போனான்.

மாயவன் அதை வாங்கினான். நன்றாக அலசினான். சுற்றிலும் தேடி, மற்றவற்றில் படாமல் தள்ளி, ஓர் ஆணியில் தனியாக மாட்டினான்.

எவ்வளவு தள்ளி மாட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நைனார்பாளையத்தில் தீனதயாளனின் கடைக்குப் பின்னால், ஜன்னல் கம்பியில் பிடி வைத்த கண்ணாடி கிளாஸ் ஒன்று தனியாக உண்டு. சரக்கு எடுக்க வரும் நாட்களில் அதில் டீ குடித்துவிட்டு, தானே கழுவி, மாயவன் அதை அப்படித்தான் மாட்டிவிட்டுப் போவான்.