கண்ணில் படாத கார்

"சாவியைத் திருகினதும் முன் லைட் ரெண்டும் எரியணும். அணைக்கிறதுக்கு சுவிட்சே இருக்கக் கூடாது."

கார் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். இருபது வருஷமாகப் பட்டறை நடத்துகிறார். லைட் எரியவில்லை என்று வந்தவர்கள் ஏராளம். அணையவே கூடாது என்று வந்தவர் இவர்தான் முதல்.

"பகல்லயுமா சார்?"

"பகலுக்குத்தான் கேக்கறேன்."

"எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் எரியுதுன்னு கையை விரிச்சு மூடிக் காட்டுவான். பதில் சொல்லி மாளாது."

"காட்டட்டும். வண்டியைப் பார்த்துட்டான்னு அர்த்தம்."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் நின்ற சாம்பல் நிறக் காரைப் பார்த்தபடியே பேசினார். மகளுக்காக வாங்கிய பழைய கார். கலர் அவள் இஷ்டம். திங்கட்கிழமையிலிருந்து அதில்தான் வேலைக்குப் போகப் போகிறாளாம்.

எலக்ட்ரீஷியனுக்கு ஒரு குணம். காரணம் தெரியாமல் ஒரு ஒயரைக்கூட வெட்ட மாட்டார். தெரியும்வரை மண்டை குடைந்துகொண்டே இருக்கும்.

"ஏதாவது நடந்துச்சா சார்?"

"ஒன்பது வருஷம் ஆச்சு. இதே கலர் கார். காலைல பதினோரு மணி, ஆனா வானம் நல்லா மூடியிருந்தது. எதிர்ல ஒரு வேன், லாரியை முந்திட்டு வந்துச்சு. நேருக்கு நேர். காரை ஓட்டின அந்தம்மா பிழைக்கலை."

எலக்ட்ரீஷியன் 'ச்சு' கொட்டினார். மனைவியா, அக்காவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"அப்ப நீங்களும் கூட இருந்தீங்களா?"

"அங்கதான் இருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"வேன்காரன் என்ன சொன்னான்?"

"கார் வந்ததே கண்ணுல படலைன்னான்."

"புளுகு சார். இடிச்சவன் எல்லாம் பாடற பாட்டுதானே இது? கார் என்ன கடுகா, கண்ணுல படாம போக? எங்கயாவது பராக்குப் பார்த்துட்டு வந்திருப்பான்."

வந்தவர் முகம் வாடிப்போயிற்று.

"அப்படியும் இருக்கலாம். விசாரிச்சவங்க அவன் சொன்னதை நம்பினாங்க. என்னாலதான் நம்ப முடியலை. அவன் சொன்னது பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்கு இன்னொருத்தர் கண்ணு வேணும்."

"எப்படிங்க?"

"இன்னிக்கும் வானம் அதே மாதிரி மூடியிருக்கு. நீங்க மெயின் ரோட்டு ஓரமா நில்லுங்க. நான் அதோ தெரியற வளைவுல இருந்து லைட் போடாம வர்றேன். கார் தெரிஞ்ச உடனே கையைத் தூக்குங்க."

எலக்ட்ரீஷியனுக்கு உற்சாகம் பிறந்தது. கண்ணாடி போடாமலே ஃபியூஸ் கம்பி முறுக்குகிற கண் அது. வேன்காரனின் வண்டவாளத்தை ஐந்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்துவிடலாம். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

சாலை ஓரம் நின்று வளைவையே பார்த்தார். ஒரு வெள்ளை லாரி வந்தது. சிவப்புப் பேருந்து வந்தது. இரண்டையும் வளைவிலேயே பார்த்துவிட்டார். அப்புறம் வெறும் சாலை, அதற்கு மேலே அதே நிறத்தில் வானம். இந்த மனுஷன் கிளம்பினாரா இல்லையா என்று யோசிக்கும்போதே, பாதித் தூரத்தில் இருந்த விளம்பரப் பலகையைத் தாண்டி அந்தக் கார் வந்துகொண்டிருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன் பிறகுதான் கை மேலே போயிற்று.

வந்தவர் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"எங்க வரும்போது பார்த்தீங்க?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். வளைவிலேயே பார்த்துவிட்டேன் என்றால், பாவம், பறிகொடுத்தவர் மனசு ஆறும்.

"எனக்காக எதையும் மாத்திச் சொல்லாதீங்க" என்றார் வந்தவர்.

"பலகையைத் தாண்டின பிறகுதாங்க. வருதுன்னு தெரிஞ்சு நின்ன எனக்கே அந்தக் கதி. அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் சார். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

வந்தவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

மறுமுறை லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வளைவில் திரும்பும்போதே இரண்டு பொட்டு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. கை தானாக உயர்ந்தது.

அதற்குப் பிறகு எலக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தார். வந்தவர் சாவியைத் திருகினார். முன் விளக்குகள் இரண்டும் பட்டப்பகலில் எரிந்தன.

ஆனாலும் எலக்ட்ரீஷியனுக்கு மண்டை குடைந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க வீட்டு உயிரைப் பறிச்சவன் அவன். பொய் சொன்னா என்ன, நிஜம் சொன்னா என்ன? ஒன்பது வருஷமா அவனைப் பத்தி எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?"

வந்தவர் விளக்குகள் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல யாரும் சாகலைங்க" என்றார். "அன்னிக்கு வேனை ஓட்டினது நான்தான்."